பாய்ஸ் லேபிளில் மேல்கமா எங்கே வரும்?

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பேக்கிங் பார்க்கிறேன். சிறுவர் டி-ஷர்ட் லேபிளில் மேல்கமா தப்பு என்று சரக்கு வாங்குகிற பையரிடமிருந்து ப்ரூஃப் (அச்சுக்கு முந்தைய மாதிரி) இரண்டு முறை திரும்பிவிட்டது. எஸ்ஸுக்கு முன்னாலா, பின்னாலா? இதற்காக ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேரலாமா?

பதில்: பின்னால். முதலில் திருத்தி அனுப்பிவிடுங்க, காரணத்தை அப்புறம் படிக்கலாம்.

வீட்டில் ‘பையனோட சட்டை’ என்கிறோம், ‘பசங்களோட சட்டை’ என்கிறோம். அந்த ‘ஓட’ செய்கிற வேலையைத்தான் ஆங்கிலத்தில் மேல்கமா, அதாவது அப்பாஸ்ட்ரஃபி, செய்கிறது. ‘ஓட’வுக்கு முன்னால் நிற்கிற சொல்லை ஆங்கிலத்தில் முழுசாக எழுதி முடிங்க. முடிந்த இடத்தில் மேல்கமா. ஒரே பையன் என்றால் பாய். மேல்கமா வைத்து எஸ் சேர்த்தால் பாய்’ஸ். பசங்க என்றால் பாய்ஸ். எஸ் ஏற்கெனவே இருக்கிறது, மேல்கமாவோடு நிறுத்தினால் பாய்ஸ்’. பெட்டி பெட்டியாகப் போகிற சரக்கு ஒரு பையனுக்கா போகிறது? கேர்ள்ஸ்’ என்பதும் இப்படித்தான். மென், விமென், சில்ட்ரன் மூன்றும் எஸ் இல்லாமலே பன்மை. அதனால் மென்’ஸ், விமென்’ஸ், சில்ட்ரன்’ஸ். லீவு லெட்டரில் ‘ரெண்டு நாள் லீவு’ கேட்டாலும் இதே கணக்கு: டூ டேஸ்’ லீவ்.

அடுத்து நீங்கள் மாட்டப்போகிற இடத்தையும் சொல்லிவிடுகிறேன். ‘துவைத்தாலும் வடிவம் மாறாது’ என்பதற்குச் சட்டையில் தொங்கும் அட்டையான ஹேங் டேகில் ‘கீப்ஸ் இட்ஸ் ஷேப்’ என்று போடுவார்கள். அந்த இட்ஸில் மேல்கமா வரவே கூடாது. ‘அதனோட வடிவம்’ என்று ‘ஓட’ வருகிறதே என்பீர்கள். வருகிறதுதான். ஆனால் ஹிஸ், ஹெர்ஸ், அவர்ஸ், தேர்ஸ் எதற்கும் மேல்கமா கிடையாது, இட்ஸும் அந்தக் கூட்டம். மேல்கமா போட்ட இட்’ஸ் என்பது இட் இஸ் என்பதன் சுருக்கம். சந்தேகம் வந்தால் இட் இஸ் என்று விரித்து வாய்விட்டுப் படியுங்க. ‘கீப்ஸ் இட் இஸ் ஷேப்’, காதுக்கே ஒட்டவில்லை இல்லையா? மேல்கமாவை எடுத்துவிடுங்க. 1600, 1700களில் ஆங்கிலேயரே இந்த இட்ஸுக்கு மேல்கமா போட்டு எழுதியிருக்கிறார்கள். அதனால் தடுமாறியதற்கு வெட்கப்பட வேண்டாம், அச்சுக்குப் போகவிடாதீங்க, அவ்வளவுதான்.

லேபிள் பிரஸ்காரர் ‘ரெண்டும் ஒண்ணுதானுங்க’ என்பார். கேட்காதீங்க. எஸ்ஸைக் கண்ட இடமெல்லாம் மேல்கமா தூவுவது அவர்கள் பழக்கம். டி-ஷர்ட்ஸ் என்பது வெறும் பன்மை, யாருக்கும் சொந்தம் சொல்லவில்லை, அதற்கு மேல்கமா எதற்கு? இதில் இடைத்தரகர் போல நடுவில் நிற்பவர்கள் இன்னும் மோசம். ‘இங்கிலீஷ் கரெக்‌ஷன்’ என்று தனியாகக் காசு வாங்கிக்கொண்டு, கம்ப்யூட்டரில் சிவப்புக் கோடு வராததைக் காட்டிச் சரி என்பார்கள். பாய்’ஸ், பாய்ஸ்’ இரண்டும் இருக்கிற சொல்தான், கோடு எப்படி வரும்? பையரே மேல்கமா இல்லாத ஆர்ட்வொர்க் அனுப்பியிருந்தால் மட்டும் கை வைக்காதீங்க, அது அவர்கள் பிராண்டு.

வகுப்பில் சேர வேண்டாம். முப்பது நாளில் சரளமாகப் பேசலாம் என்று பேனர் கட்டுகிறவர்களிடம் இதற்காகப் பணம் கட்டாதீங்க. எனக்குக் கோபமெல்லாம் பள்ளிக்கூடத்தின் மேல்தான். பன்னிரண்டு வருஷம் ஆங்கிலம் படித்த பிள்ளைக்கு மேல்கமா என்பது கோடிட்ட இடத்தில் ஒரு மார்க். தமிழ் வகுப்பில் ஆறாம் வேற்றுமை நடத்தியாகிறது. அடுத்த பீரியடில் ஆங்கில ஆசிரியர் ‘அதேதான் இது’ என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. ஈரோட்டுப் பக்கம் நான் பாடம் நடத்திய காலம் முழுக்க இதைச் சொல்லியாயிற்று. ‘போர்ஷன் முடிங்க’ என்றுதான் பதில் வந்தது.

எழுத்துரு மாறும்போது மேல்கமா சில சமயம் காணாமல் போகும், கட்டமாகவும் மாறும். அதனால் கடைசி ப்ரூஃபைத் திரையில் பெரிதாக்கி, விரல் வைத்து ஒவ்வொன்றாக எண்ணுங்க: பி, ஓ, ஒய், எஸ், மேல்கமா. பிறகு கையெழுத்து போடுங்க.