சேலம் ஏர்போர்ட்ல பெரிய பிளேன் ஏன் வர்றதில்ல, பிளைட் இல்லாத நேரத்துல அது வேஸ்ட்தானா?

வேஸ்ட்லாம் இல்லங்க. நம்ம ஏர்போர்ட் சேலத்துல இல்ல, ஓமலூர் பக்கம் கமலாபுரத்துல இருக்கு, 1993லயே கட்டிட்டாங்க. ரன்வே சுமார் 1,800 மீட்டர்தான். ஏடிஆர் மாதிரி ப்ரொப்பெல்லர் பிளேனுக்கு அது தாராளம், ஆனா ஏர்பஸ் 320 ஃபுல் லோடோட கிளம்ப பத்தாது, அதுலயும் நம்ம ஊர் 300 மீட்டர் உயரத்துல இருக்கு, சித்திரை வெயில்ல காத்து லேசாயிடும், றெக்கைக்குத் தூக்குற சக்தி குறையும், அதனால இன்னும் நீளமா ஓடித்தான் எழும்பணும்.

2018ல உடான்னு, சின்ன ஊருக்கும் பிளைட் விடுற மத்திய அரசு திட்டத்துல ட்ரூஜெட்ங்கிற கம்பெனி பிளைட் வந்துச்சு, அப்புறம் நின்னுச்சு, 2023 அக்டோபர்ல மறுபடி ஆரம்பிச்சாங்க. டிக்கெட்டை மட்டும் நம்பினா இப்படித்தான் விட்டு விட்டு ஓடும்.

ஆனா 2022ல ஃப்ளையிங் ஸ்கூலுக்குன்னு தேர்ந்தெடுத்த அஞ்சு ஏர்போர்ட்ல சேலமும் ஒண்ணு, எனக்கு அதுதான் பெரிய விஷயம். கமர்ஷியல் பைலட் லைசென்ஸுக்கு 200 மணி நேரம் ஓட்டணும், பயிற்சி பிளேன் திரும்பத் திரும்ப இறங்கி ஏறணும், சென்னை மாதிரி நெரிசலான இடத்துல அதுக்கு எங்க நேரம் கிடைக்கும்? இங்க ரன்வே பெரும்பாலும் காலியாதான் இருக்கு. ஓமலூர், மேட்டூர் பசங்க வீட்டுலருந்தே போய்ப் படிக்கலாம், ஃபீஸுக்கு உதவித்தொகை வந்தா இன்னும் நல்லது.