கயிற்றைக் கேட்கிறேன்

அன்புள்ள அண்ணாச்சி,

பாளையங்கோட்டையில் மூன்றாம் ஆண்டு பட்டப்படிப்பில் இருக்கிறேன். ஊர் களக்காட்டுப் பக்கம். என் அண்ணன் ராணுவத்தில் இருக்கிறான், இப்போது லடாக்கில். கல்லூரிப் பேச்சுப்போட்டியில் ‘ராணுவத் தளவாடங்கள் பற்றி நாடாளுமன்றம் கேள்வி கேட்கலாமா’ என்று தலைப்பு கொடுத்தார்கள். கேட்கலாம் என்று பேசினேன். எதிரே பேசியவர், “பனியில் நிற்பவனைக் குளிரூட்டிய அறையில் இருப்பவன் கேள்வி கேட்பதா?” என்றதும் அரங்கமே கைதட்டியது. நான் தோற்றுவிட்டேன். அண்ணனிடம் தொலைபேசியில் சொன்னபோது, “உனக்கு எதற்கு இந்த வேலை?” என்று கேட்டான்.

இப்போது எனக்கே குழப்பமாக இருக்கிறது. பீரங்கிக்கும் டாங்கிக்கும் வேறுபாடு தெரியாத எம்.பி.க்களால் எதை ஆராய முடியும்? பாதிப்பேர் அவையில் தூங்குகிறார்கள். நிபுணர்களிடமே விட்டுவிடலாம் அல்லவா? அடுத்த மாதம் மாவட்ட அளவில் இதே தலைப்பில் போட்டி. குறிப்புகள் தந்தால் உதவியாக இருக்கும். என் பெயரை வெளியிட வேண்டாம்.

*

அன்புள்ள தம்பி,

குறிப்புகள் தர மாட்டேன். ஐந்து நிமிடம் மேடையில் பேசுவதற்காக இந்த விஷயத்தைப் படிக்காதீர்கள். உங்கள் அண்ணன் லடாக்கில் நிற்கிறார், அவருக்காகப் படியுங்கள்.

உங்கள் கடிதம் வந்த அன்று காலையில்தான் விஜயநாராயணம் வழியாகப் போய் வந்திருந்தேன். கடற்படையின் கட்டபொம்மன் தளத்துக் கோபுரங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கடலுக்கடியில் கிடக்கும் நீர்மூழ்கிக் கப்பல்களுக்கு 1990 முதல் அங்கிருந்து செய்தி போகிறது. இராத்திரியில் அந்த விளக்குகளைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் நாங்குநேரி வட்டாரத்தில் நிறையப் பேர். என்ன செய்தி போகிறது என்று அவர்களில் யாரும் கேட்டதில்லை. கேட்கவும் கூடாது. அது படையின் இரகசியம். கடலில் இருப்பவனுக்கு நல்ல உயிர்காப்புச் சட்டை கொடுத்திருக்கிறோமா என்பது இரகசியம் ஆகாது. அதற்குப் பணம் கொடுத்தவர்கள் நாம். இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் கலக்கித்தான் உங்கள் எதிர்ப்பேச்சாளர் கைதட்டு வாங்கியிருக்கிறார். நீங்களும் அதைப் பிரித்துக் காட்டத் தெரியாமல் இறங்கி வந்திருக்கிறீர்கள்.

‘பாதிப்பேர் தூங்குகிறார்கள்’ என்ற வரியைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. யாரோ ஒருவர் கண்ணயர்ந்த பத்து விநாடிக் காட்சியை வைத்துக்கொண்டு ஒரு நாடாளுமன்றத்தையே எடை போடுகிறீர்கள். பாதுகாப்பு நிலைக்குழுவின் ஓர் அறிக்கையையாவது திறந்து பார்த்தீர்களா? துறைவாரி நிலைக்குழுக்கள் வந்தது 1993இல். இந்தக் குழுவில் மக்களவையிலிருந்து 21 பேர், மாநிலங்களவையிலிருந்து 10 பேர். அமைச்சராக இருப்பவர் உறுப்பினராக முடியாது. பட்ஜெட் வந்ததும் அமைச்சக அதிகாரிகளும் படை அதிகாரிகளும் இவர்கள் முன்னால் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும். மூடிய அறை, கேமரா கிடையாது. படம் பிடிப்பவர் இல்லாததால் சத்தம் போடுவதில் யாருக்கும் லாபமில்லை, வேலை நடக்கிறது.

2018இல் அந்தக் குழுவின் தலைவர் பி.சி. கந்தூரி. ஓய்வுபெற்ற மேஜர் ஜெனரல். நிபுணர்கள் பற்றிய உங்கள் கேள்விக்கு இது போதும் என்று நினைக்கிறேன். ராணுவத் துணைத் தளபதி சரத் சந்த் அந்தக் குழுவிடம் ஒளிக்காமல் சொன்னார்: கையிலிருக்கும் தளவாடங்களில் 68 சதவீதம் காலாவதிப் பழசு, 24 சதவீதம் நடப்புக் காலத்தவை, 8 சதவீதம்தான் அதிநவீனம். நவீனமாக்க ஒதுக்கிய ரூ.21,338 கோடி, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் 125 திட்டங்களுக்குக் கட்ட வேண்டிய ரூ.29,033 கோடிக்கே காணாது. சீருடையில் இருக்கும் ஒருவர் தன் வீட்டுக் குறையைச் சொல்வதற்கு நம் நாட்டில் இருக்கும் இடம் அந்த ஓர் அறைதான். அறிக்கை அவைக்கு வந்தது 2018 மார்ச்சில். அதே வாரம் மக்களவை எல்லாத் துறைகளின் மானியக் கோரிக்கைகளையும், அதாவது செலவுக்கு அனுமதி கேட்கும் கோரிக்கைகளையும், அமளிக்கு நடுவே விவாதமே இல்லாமல் நிறைவேற்றி முடித்தது. ‘கில்லட்டின்’ என்றே அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். கோபப்பட வேண்டுமென்றால் இதற்குக் கோபப்படுங்கள்.

உங்கள் அண்ணன் சொன்னதற்கு வருகிறேன். “உனக்கு எதற்கு இந்த வேலை?” இதே வார்த்தையை என் பெரியப்பாவும் சொல்லக்கூடியவர்தான்.

பெரியப்பா 1962இல் நேஃபாவில் இருந்தார். இன்றைய அருணாசலப் பிரதேசம். எந்தப் பிரிவு, எந்த முகாம் என்பதெல்லாம் இங்கே வேண்டாம். திரும்பி வந்தபோது வலது காலில் இரண்டு விரல்கள் இல்லை. ஊரில் செருப்புத் தைப்பவர் அந்தக் காலுக்கென்று வாரை மாற்றிப் போட்டுத் தைத்துக் கொடுப்பார். மார்கழி பிறந்தால் இல்லாத விரல்கள் வலிக்கும். பெரியம்மா அடுப்புச் சாம்பலைத் துணியில் முடிந்து சுடச்சுட ஒத்தடம் கொடுப்பாள். போரைப் பற்றி என்னிடம் ஒரே ஒருமுறைதான் பேசினார். “கான்வாஸ் காலணி. பகலில் பனி உருகி உள்ளே போகும். இராத்திரி உறைந்துவிடும்.” அவ்வளவுதான். பருத்திச் சீருடையோடும் கான்வாஸ் காலணியோடும் இமயத்துக்கு அனுப்பப்பட்டவர்கள் ஆயிரக்கணக்கில் என்பதை நான் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். பெரியப்பா யார்மேலும் குறை சொல்லவில்லை. படையில் இருந்தவர் வாய் திறக்கக் கூடாது என்று பழகியிருந்தார்.

எங்கள் ஊர் இசக்கியம்மன் கோயில் கொடைத் திருவிழாவில் அவர் வேறு ஆள். எட்டாம் கொடை முடிந்த மறுநாள் காலை பூவரச மரத்தடியில் கணக்கு வாசிப்பார்கள். வரி கொடுத்த வீடு ஒவ்வொன்றிலிருந்தும் ஓர் ஆள் இருக்க வேண்டும். வில்லுப்பாட்டுக்காரருக்குக் கொடுத்தது, மேளத்துக்குக் கொடுத்தது, தேங்காய் எத்தனை, வாழைக்குலை எத்தனை என்று வரிவரியாக வாசிப்பார்கள். நான் ஏழாம் வகுப்பு படித்த வருடம். ‘பந்தல் கயிறு ஆறு சுருள்’ என்று வாசித்ததும் பெரியப்பா கை தூக்கினார். “போன வருடமும் ஆறு சுருள் வாங்கினோம். அது எங்கே?”

கணக்கு வாசித்தவருக்கு முகம் மாறிவிட்டது. “அம்மன் காரியத்தில் போய்க் கயிற்றுக்குக் கணக்குக் கேட்கிறீர்களே, இது சாமிக்குத்தம் இல்லையா?” கூட்டத்தில் நாலைந்து பேர் ஆமாம் போட்டார்கள்.

பெரியப்பா உட்கார்ந்த இடத்தில் இருந்தபடியே சொன்னார். “அம்மனை நான் கேட்கவில்லை. கயிற்றைக் கேட்கிறேன்.”

மறுநாள் விடிந்தபோது பூவரசங்கிளையில் நாலு சுருள் கயிறு தொங்கியது. கொண்டு வந்தது யார் என்று ஒருவரும் விசாரிக்கவில்லை. அவரும் விசாரிக்கவில்லை. கணக்கு நோட்டை வாங்கி, கடைசிப் பக்கத்தில் ‘இருப்பு’ என்று தலைப்பிட்டு, ‘கயிறு நாலு சுருள், குறைவு இரண்டு’ என்று எழுதினார். அண்டா, கரண்டி, பெட்ரோமாக்ஸ் விளக்கு, பழைய ஓலைப்பாய் எல்லாவற்றையும் எண்ணிக் கீழே எழுதினார். அன்றுமுதல் ஒவ்வொரு வருடமும் வரவு வாசிப்பார்கள், செலவு வாசிப்பார்கள், பிறகு இருப்பு வாசிப்பார்கள்.

இதை எதற்கு இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், நம் நாடாளுமன்றத்தில் பாதுகாப்பு பற்றி எழுந்த பெருஞ்சத்தங்கள் அநேகமாகச் செலவைப் பற்றியவை. இருப்பைப் பற்றி அப்படி ஒரு சத்தம் எழுந்ததாக எனக்கு நினைவில்லை. சுவீடன் நாட்டு போஃபர்ஸ் பீரங்கி பேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1986இல் 410 பீரங்கிகளுக்கு ஒப்பந்தம். மறுவருடம் சுவீடன் வானொலி லஞ்சச் செய்தியை வெளியிட்டது. நாடாளுமன்றக் கூட்டுக்குழு அமைத்தார்கள். 1989இல் தணிக்கை அறிக்கை வந்தது, எதிர்க்கட்சி உறுப்பினர்கள் கூண்டோடு மக்களவையை விட்டு விலகினார்கள். லஞ்சத்தைக் கேட்டது முழுக்கச் சரி, அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் அதற்குப் பிறகு யாரும் பீரங்கிக் கோப்பைத் தொடவே பயந்தார்கள். 1999இல் கார்கிலில் முழங்கியது அந்தப் பழைய போஃபர்ஸ்தான். அதே குழாய் அளவில் அடுத்த ரகப் பீரங்கிகளை, 145 எண்ணிக்கையில், அமெரிக்காவிடம் வாங்கக் கையெழுத்துப் போட்டது 2016 நவம்பரில். முப்பது வருடம், தம்பி! அந்த முப்பது வருடமும் ‘பீரங்கி எத்தனை இருக்கிறது, எத்தனை ஓடுகிறது’ என்று அவையை அதிர வைத்தவர்கள் யார்? லஞ்சத்துக்கு இருந்த ஆவேசம் வெறுங்கைக்கு இல்லாமல் போயிற்று.

இருப்பைக் கேட்டவர் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர். 2017இல் நாடாளுமன்றத்தில் வைத்த அறிக்கையைத் தேடிப் படியுங்கள். கடும்போர் 40 நாள் நடந்தால் தாங்கும் அளவுக்கு வெடிபொருள் கையிருப்பு வேண்டும் என்பது விதி. குறைந்தது 20 நாளுக்காவது இருக்க வேண்டும். 2016 செப்டம்பரில் எண்ணிப் பார்த்தபோது 152 வகைகளில் 61 வகை பத்து நாளுக்குக்கூட இல்லை. 2020இல் இன்னோர் அறிக்கை வந்தது, சியாச்சின் போன்ற உயர்ந்த பனிப் பகுதிகளில் நிற்பவர்களைப் பற்றியது. பனிக்கண்ணாடிப் பற்றாக்குறை 62 முதல் 98 சதவீதம் வரை. புதிய காலணிகள் வராமல் 2015 நவம்பர் முதல் 2016 செப்டம்பர் வரை பழைய காலணிகளையே சரிசெய்து மறுபடி போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அந்த வரியை வாசித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பெரியப்பாவின் காலும் அந்த மாற்று வார்ச் செருப்பும் கண்முன் வந்து நின்றன. அவர் போருக்குப் போய் அரை நூற்றாண்டுக்கு மேல் கடந்தும் காலணி பற்றி எழுத வேண்டியிருக்கிறது. அது பழைய நிலவரம், இப்போது எல்லாம் சரியாக இருக்கிறது என்று ராணுவத் தளபதி விளக்கம் சொன்னார். நல்லது, மகிழ்ச்சி. கயிறும் கேட்ட பிறகுதான் திரும்பி வந்தது.

இன்னும் ஒன்று. 1,86,138 குண்டு துளைக்காத உடைகள் தேவை என்று 2009இலேயே ஒப்புக்கொண்டாயிற்று. மொத்த எண்ணிக்கைக்கும் ஒப்பந்தம் போட்டது 2018 ஏப்ரலில். நடுவில் 2016இல் அவசரத்துக்கு 50,000 வாங்கினார்கள். அந்த வருடங்களில் நிலைக்குழு இதைக் கேட்டுக்கொண்டே இருந்தது. நீங்கள் தூங்குவதாகச் சொன்னவர்கள்தான் அவர்கள். பிரிட்டனிலும் இந்தக் கதை நடந்திருக்கிறது. 2003இல் ஈராக்கில், கவச உடை பற்றாததால் தன்னுடையதைத் திருப்பிக் கொடுக்கும்படி சொல்லப்பட்ட ஒரு சார்ஜென்ட் சுடப்பட்டு இறந்தார். அங்கே பாதுகாப்புக் குழுவின் விசாரணைகள் பெரும்பாலும் பொதுமக்கள் பார்க்கவே நடக்கின்றன. நம் ஊரிலும் அப்படி வேண்டுமா என்று கேட்டால், எனக்கு வேண்டாம். சரத் சந்த் கேமரா முன்னால் அப்படிப் பேசியிருக்க மாட்டார். அறை மூடியிருக்கட்டும், அறிக்கை திறந்திருக்கட்டும். அந்த அறிக்கை ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் வருவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நாங்குநேரியில் மகனைப் படைக்கு அனுப்பிய தாய்க்கு அவள் மகனின் காலணிக் கணக்கைத் தமிழில் வாசித்துக் காட்ட ஓர் ஆள் இல்லை. நீங்கள் படித்த பிள்ளை. போட்டிக் கோப்பைக்கு அலைகிற நேரத்தில் அந்த அறிக்கையில் ஒரு பத்துப் பக்கத்தைத் தமிழில் எழுதுங்கள்.

போர்க்காலத்தில் கேட்கலாமா என்று அடுத்த மேடையில் யாராவது மடக்குவார்கள். 1962 நவம்பர் 8 அன்று, சண்டை முடியாதபோதே நாடாளுமன்றத்தைக் கூட்டினார்கள். மக்களவையில் 165 உறுப்பினர்கள் பேசினார்கள். நேரு உட்கார்ந்து கேட்டார். தோல்வியை ஆராய்ந்து ராணுவத்துக்குள்ளேயே எழுதப்பட்ட ஹெண்டர்சன் புரூக்ஸ் அறிக்கையை மட்டும் இன்றுவரை அவையில் வைக்கவில்லை. 1963 செப்டம்பரில் பாதுகாப்பு அமைச்சர் சவாண் அதன் சாரத்தைச் சொன்னதோடு சரி. பெரியப்பாவின் விரல்களைப் பற்றி அதற்குள் ஒரு வரி இருக்கும் என்று நான் நம்புகிறேன். 2011இல் அவர் போய்ச் சேர்ந்தார், அந்த வரியைப் பார்க்காமலே.

அண்ணனிடம் வாதம் செய்யாதீர்கள். அவரால் கேட்க முடியாது. படையின் ஒழுங்கு அது, அப்படித்தான் இருக்க வேண்டும். “கால் எப்படி இருக்கிறது? காலணி உள்ளே ஈரம் வருகிறதா?” என்று மட்டும் விசாரியுங்கள். சொன்னால் சொல்லட்டும்.

மாவட்டப் போட்டியில் பேசுவதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம். சித்திரையில் எங்கள் ஊர்க் கொடை. எட்டாம் கொடைக்கு மறுநாள் காலை எட்டு மணிக்குக் கணக்கு வாசிப்பு, அதே பூவரசடியில். களக்காட்டிலிருந்து பஸ் இருக்கிறது. அண்ணனுக்கு அந்தச் சமயம் விடுப்பு கிடைத்தால் அவரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். இருப்புப் பக்கத்தை இந்த வருடம் நான் வாசிக்கிறேன்.

அன்புடன்,
அண்ணாச்சி