தாத்தா விமானம் ஓட்டவில்லை

அன்புள்ள ஐயா,

என் தாய்வழித் தாத்தா 1965 இந்திய-பாகிஸ்தான் போரின்போது விமானப்படையில், பஞ்சாபின் பதான்கோட் தளத்தில் இருந்தார். அவர் போர் விமானி என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். அண்மையில் அவருடைய டிஸ்சார்ஜ் புத்தகம் கிடைத்தது. அதில் ‘ஏர்ஃப்ரேம் ஃபிட்டர்’, அதாவது விமானத்தின் உடற்பகுதியைப் பராமரிக்கும் தரைப் பணியாளர், என்று இருக்கிறது. பெரிய ஏமாற்றமாகிவிட்டது. நாங்கள் தயாரிக்கும் குடும்ப மலரில் இதை எப்படி எழுதுவது? மற்ற ஆவணங்களை எங்கே கேட்பது? பாட்டிக்கு வயது 85. அவரைத் தொந்தரவு செய்யத் தயக்கமாக இருக்கிறது.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

ஆவணங்களுக்கு, தில்லி சுப்ரதோ பார்க்கில் உள்ள விமானப்படை ஆவண அலுவலகத்துக்குத் தாத்தாவின் பணி எண்ணைக் குறிப்பிட்டுப் பாட்டியின் பெயரில் எழுதுங்கள். அது எளிய வேலை. நீங்கள் ‘ஏமாற்றம்’ என்று எழுதியதுதான் என் மனத்தை உறுத்துகிறது.

என் சித்தப்பா விமானப்படையில் ஆர்மரராக இருந்தவர். நாட் என்ற சிறிய போர் விமானங்களின் 30 மி.மீ. பீரங்கிகளைக் கழற்றித் துடைத்துக் குண்டு நிரப்புவது அவர் வேலை. 1965இல் அந்தப் பீரங்கிகள் சுடும்போதே அடிக்கடி சிக்கிக்கொண்டன என்பதால், ஒவ்வொரு விமானமும் திரும்பிவரும் வரை அவர் போன்றவர்கள் எந்த மனநிலையில் நின்றிருப்பார்கள் என்று நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். ஊருக்கு வந்த பிறகு எங்கள் கிணற்று மோட்டாரைப் பிரிக்க நேர்ந்தால், முதலில் ஒரு பழைய வேட்டியை விரித்து ஸ்பானர்களை வரிசையாக அடுக்கி எண்ணுவார். வேலை முடிந்ததும் மறுபடி எண்ணுவார். ஒருமுறை சின்னத் திருப்புளி ஒன்று குறைந்தது. பயிர் வாடுகிறதே என்று அப்பா கத்தியும், அது வாய்க்கால் சேற்றிலிருந்து கிடைக்கும் வரை சித்தப்பா ஸ்விட்சைத் தொட விடவில்லை. ஜெட் இன்ஜினுக்குள் மறந்து விட்ட ஒரு திருகாணி போதும், சுழலும் தகடுகள் நொறுங்கிவிடும், மேலே இருப்பவன் உயிர் போகும் என்று அவர் அன்று சொன்னார்.

ஒவ்வொரு விமானத்துக்கும் ‘ஃபார்ம் 700’ என்று ஓர் ஏடு உண்டு. இன்ஜினைப் பார்த்தவர், உடற்பகுதியைப் பார்த்தவர், மின்சாரத்தைப் பார்த்தவர், ஆயுதத்தைப் பார்த்தவர் என்று ஒவ்வொருவரும் தம் வேலைக்குத் தாமே பொறுப்பேற்று அதில் கையெழுத்திட வேண்டும். இவற்றையெல்லாம் படித்துவிட்டு விமானி கடைசியில் கையெழுத்திட்டு விமானத்தை ஏற்றுக்கொள்வார். இறக்கை, சக்கரம், பிரேக், ஹைட்ராலிக் குழாய் எல்லாம் சரியாக இருக்கின்றன என்று உங்கள் தாத்தா போட்ட கையெழுத்தை நம்பித்தான் ஓர் இளைஞன் வானில் ஏறினான். இதில் ஏமாற்றம் எங்கிருந்து வருகிறது? அவர் செய்யாத வேலையை அவர் தலையில் கட்டி, செய்த வேலையைக் குடும்பமே கூடி அழித்திருக்கிறீர்கள். அவர் தம் வாயால் ‘நான் பைலட்’ என்று சொன்னதாக உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை என்பதையும் கவனித்தேன்.

இந்திய விமானப்படையின் முதல் பிரிவு 1933 ஏப்ரல் 1 அன்று கராச்சியின் டிரிக் ரோட்டில் நான்கு வாபிடி விமானங்களோடு தொடங்கியபோது, அங்கே அதிகாரிகளைவிட ‘ஹவாய் சிப்பாய்’ எனப்பட்ட தரைப் பணியாளர்களே அதிகம் இருந்தார்கள். அந்தச் சிப்பாய்களில் ஒருவரான ஹர்ஜிந்தர் சிங் பிற்காலத்தில் ஏர் வைஸ் மார்ஷல் ஆனார். படிப்படியாக அவ்வளவு உயரம் போன அவர் பெயரைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித் தருவதில்லை. 1965 செப்டம்பர் 3 அன்று பதான்கோட்டிலிருந்து கிளம்பிய நாட் விமானங்கள் பாகிஸ்தானின் சேபர் ஜெட் போர் விமானங்களோடு சண்டையிட்டபோது நம் விமானி ட்ரெவர் கீலரின் பெயர் நாடெங்கும் பரவியது, பரவ வேண்டியதுதான். ஆனால் செப்டம்பர் 6 மாலை பாகிஸ்தான் விமானங்கள் அதே பதான்கோட்டைத் தாக்கி, தரையில் நின்ற நம் விமானங்கள் எரிந்தபோது, அவற்றின் பக்கத்திலேயே நின்று வேலை செய்துகொண்டிருந்தவர்கள் ஃபிட்டர்களும் ஆர்மரர்களும்தான். தாத்தா அன்று அங்கே இருந்திருந்தால், போர் அவர் தலைக்கு மேலேயே நடந்திருக்கிறது.

பாட்டியைத் தொந்தரவு செய்யத் தயக்கம் என்கிறீர்கள். இது தயக்கமில்லை, சோம்பல். கோபித்துக்கொள்ளாதீர்கள். என் சித்தியிடம் கேட்கலாம், கேட்கலாம் என்று எங்கள் வீட்டுப் பிள்ளைகள் தள்ளிப்போட்டு, அவருக்கு நினைவு தப்பிய பிறகு நோட்டுப் புத்தகத்தோடு போய் உட்கார்ந்தார்கள். போரின்போது படைக்குப் போன கடிதங்களில் ‘56 ஏ.பி.ஓ.’ என்ற படை அஞ்சலக முகவரிதான் இருக்கும், ஊர்ப் பெயர் இராது. கணவன் எந்த ஊரில் இருக்கிறான் என்பதை அந்த முகவரியிலிருந்து தெரிந்துகொள்ள முடியாத ஒரு பெண், வானொலியில் பதான்கோட் என்ற பெயரைக் கேட்டபோது என்ன நினைத்தாள் என்பது எந்த ஆவண அலுவலகத்திலும் கிடைக்காது. அவருக்குப் பணம் எப்படி வந்தது, அடுத்த கடிதம் வர எத்தனை நாளாயிற்று, லீவில் வந்தபோது தாத்தா எதைப் பற்றிப் பேசினார், எதைப் பற்றிப் பேச மறுத்தார், பைலட் என்ற கதையை முதலில் சொன்னது யார் என்று கேளுங்கள். கடைசிக் கேள்வியை மட்டும் மெதுவாகக் கேளுங்கள். பெண் பார்க்க வந்த காலத்தில் யாரோ ஆசைப்பட்டுச் சொன்னதாக இருக்கலாம், அதற்காக அவர் இப்போது கூச வேண்டியதில்லை.

மலரில் தாத்தாவின் படத்துக்குக் கீழே ‘ஏர்ஃப்ரேம் ஃபிட்டர், இந்திய விமானப்படை, பதான்கோட், 1965’ என்று பெரிய எழுத்தில் போடுங்கள். அச்சானதும் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள்.