கதைமாந்தரும் உணர்ச்சிச் சொற்களும்: வாசகர் கேள்வி, ஆசிரியர் பதில்

கேள்வி: நான் பள்ளியில் தமிழ் கற்பிக்கிறேன். சிறுகதை எழுதும் மாணவர்கள் 'சோகம்', 'கோபம்', 'மகிழ்ச்சி' ஆகிய சொற்களையே மாற்றி மாற்றிப் போடுகிறார்கள். உணர்ச்சிச் சொற்களின் பட்டியலைக் கொடுத்தால் பாத்திரங்கள் உயிர்பெறுமா?

பதில்: பட்டியல் கொடுப்பதில் தவறில்லை, ஆனால் அடுத்து வரும் கதைகளில் ஏக்கமும் விரக்தியும் குமுறலும் ஒரே பத்தியில் வரிசைகட்டி நிற்கும், அவற்றை அனுபவிக்கும் ஆள்தான் கண்ணில் படமாட்டார். தொல்காப்பியத்தில் உணர்ச்சிகளின் வெளிப்பாட்டைப் பேசும் மெய்ப்பாட்டியல் என்ற பகுதி எட்டு உணர்ச்சிகளைப் பெயர் சொல்லி நிறுத்திவிடாமல், ஒவ்வொன்றும் பிறக்கும் களங்களை நான்கு நான்காக வகுக்கிறது. அழுகைக்கு அது கூறும் களங்கள் இளிவு (அவமதிப்பு), இழவு (இழப்பு), அசைவு (தளர்ச்சி), வறுமை. அவமதிக்கப்பட்டவள் அழுவதும் பறிகொடுத்தவள் அழுவதும் வேறு வேறு என்பது இதனால் விளங்கும். ஆகவே, 'அவள் சோகமாக இருந்தாள்' என்று மாணவர் எழுதினால், எதனால் என்று கேளுங்கள். அண்ணனை எல்லாரும் பாராட்டியதைக் கேட்டதனால் என்று பதில் வந்தால், அது பொறாமையா, தாழ்வுணர்ச்சியா, தன்னை ஒருவரும் பொருட்படுத்தவில்லை என்ற மனத்தாங்கலா என்பதை அவரே முடிவுசெய்யட்டும். பொறாமைப்படுகிறவள் அந்தப் பாராட்டில் குறை கண்டுபிடிப்பாள். மனத்தாங்கல் கொண்டவள் காதில் விழாதவள்போல எழுந்து போவாள். இப்படிச் சொல்லைத் தேர்ந்ததும் செயலும் பேச்சும் மாறுவதால், பாத்திரம் தானாகவே உருப்பெறத் தொடங்கும்.

அந்தச் சொல் யாருடையது என்பதையும் கவனிக்கச் சொல்லுங்கள். எட்டு வயதுச் சிறுவனின் பார்வையில் நகரும் கதையில் 'விரக்தி' வந்தால், அங்கே பேசுவது சிறுவன் அல்லன், எழுதியவர்.

உணர்ச்சியின் பெயரையே எழுதக்கூடாது என்று சில பயிற்சி வகுப்புகளில் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. படபடக்கும் நெஞ்சும் நடுங்கும் விரல்களும் பெயர்ச்சொற்களைவிட அதிகமாகத் தேய்ந்துவிட்டன. காட்சி வலுவாக இருந்தால், 'அவனுக்கு வெட்கமாக இருந்தது' என்ற ஒரு வரியே போதும்.

கேள்வி: என் கதையின் வில்லன் எப்போதும் கோபமாகவே இருக்கிறான் என்று தோழி குறை கூறுகிறாள். என்ன செய்வது?

பதில்: அவன் யாரிடம் மட்டும் கோபப்படமாட்டான் என்று யோசித்துப் பாருங்கள். அந்த ஆளிடம் அவனுக்கு அச்சம் இருக்கலாம், நன்றி இருக்கலாம், பழைய குற்றவுணர்ச்சியும் இருக்கலாம். அவர்கள் இருவரையும் ஒரு காட்சியில் சந்திக்க வையுங்கள்.