மட்டம் போடும் மாணவர்களே ஆய்வாளர்களாக: கேள்வி பதில்

கேள்வி: 9ஆம் வகுப்பில் ஆறேழு பையன்கள் அடிக்கடி மட்டம் போடுகிறார்கள். காரணம் எழுதச் சொன்னால் "பள்ளி நன்றாக இருக்கிறது" என்றே எழுதித் தருகிறார்கள். என்ன செய்யலாம், சார்?

பதில்: எழுதச் சொன்னால் அவர்களுக்கு அது இன்னொரு பரீட்சை, டீச்சர். விசாரிக்கிற வேலையை அவர்களிடமே கொடுங்கள். ஐந்தாறு பேர் போதும். வகுப்பு லீடரைச் சேர்க்காதீர்கள். அவன் இருந்தால் மற்றவர்கள் வாய் திறக்க மாட்டார்கள். பெற்றோர் சம்மதம் வாங்கினாலும் பையனிடமும் தனியாகக் கேளுங்கள், எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்றும் சொல்லுங்கள். வாரம் ஒரு பீரியட், ஆறு வாரம். பி.இ.டி. பீரியடில் மட்டும் கை வைக்காதீர்கள், சிலர் பள்ளிக்கு வருவதே அதற்காகத்தான்!

கேள்வி: முதல் நாள் எதில் தொடங்குவது?

பதில்: சார்ட்டில் பள்ளியின் வரைபடம். பிடித்த இடத்தில் பச்சைப் பொட்டு, ஒதுங்கிப் போகும் இடத்தில் சிவப்பு. தாழ்ப்பாள் இல்லாத கழிப்பறைக் கதவில் நாலு சிவப்பு விழுந்தால், மதியத்துக்கு மேல் ஏன் ஆள் குறைகிறது என்று அங்கிருந்தே தேடலாம். அடுத்த வாரம் ஆளுக்கு ஐந்து போட்டோ, யார் முகமும் விழக்கூடாது. இது போட்டோவாய்ஸ், அதாவது தாங்களே எடுத்த படங்களைக் காட்டித் தங்கள் நிலைமையைப் பேசும் முறை. 1990களில் கரோலின் வாங், மேரி ஆன் பர்ரிஸ் இருவரும் சீனாவின் யுன்னான் கிராமப் பெண்களிடம் கேமராவைக் கொடுத்து உருவாக்கியது.

கேள்வி: பையன்கள் பேட்டி எடுத்தால் "தெரியல", "சும்மா"தான் வருகிறது.

பதில்: "ஏன் வரல?" என்றால் குற்றவாளிக் கூண்டு. "நேத்து ரெண்டாவது பீரியட்ல என்ன நடந்துச்சு? அப்புறம்?" என்று கேட்கப் பழக்குங்கள். பதில்களைத் துண்டுச்சீட்டில், சீட்டுக்கு ஒன்றாக எழுதித் தரையில் பரப்பி ஒரே மாதிரியானவற்றை அவர்களே கும்பலாகப் பிரிக்கட்டும். இங்கேதான் பெரும்பாலும் கெடுகிறது: ஆசிரியர் முந்திக்கொண்டு "ஒழுக்கம்", "குடும்பச் சூழல்" என்று தலைப்பு வைத்துவிடுவார். "கத்துற பீரியட்" என்று அவர்கள் வைத்தால் அதுவே இருக்கட்டும்.

கேள்வி: பாலியல் தொல்லை பற்றி யாராவது சொல்லிவிட்டால்?

பதில்: "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று முதல் நாளே வாக்குக் கொடுக்காதீர்கள். 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். குழந்தைகள் உதவி எண் 1098. பையன்கள் மேற்கொண்டு எதையும் தோண்டக் கூடாது.

கேள்வி: பையன்களின் அறிக்கையைப் பார்த்து எச்.எம். கோபப்பட்டால்?

பதில்: அறிக்கையில் எந்த ஆசிரியர் பெயரும் வேண்டாம். மூன்றே கோரிக்கைகள், அதில் ஒன்று, தாழ்ப்பாள் மாதிரி, அந்த வாரமே முடியக்கூடியதாக இருக்கட்டும். மற்ற இரண்டுக்கும் "முடியும்", "முடியாது, காரணம் இது" என்று பையன்களிடம் நேரில் பதில் சொல்ல எச்.எம்.மிடம் தேதி வாங்கிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.