சூப்பர்சார்ஜர் காற்றைக் குளிர்விக்க எது நல்லது? வாசகர் கேள்விகள், நிபுணர் பதில்கள்

கேள்வி: காரில் ரூட்ஸ் வகை சூப்பர்சார்ஜர் (இன்ஜினுக்குள் காற்றை அமுக்கித் தள்ளும் கருவி) பொருத்தியிருக்கிறேன். பூஸ்ட் (வெளிக்காற்றைவிடக் கூடுதலான அழுத்தம்) வெறும் 0.55 பார்தான். இதற்குப் போய் அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் தேவையா?

பதில்: தேவை. வெளிக்காற்று 30 டிகிரி செல்சியஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை 0.55 பாருக்கு அமுக்கினால், இழப்பே இல்லாத கம்ப்ரஸரில்கூட 40 டிகிரி சூடு ஏறும். ரூட்ஸின் திறன் 55 சதவீதம் என்று எடுத்தால் அந்த ஏற்றம் 73 டிகிரி. அதாவது இன்ஜினுக்குள் போகும் காற்று 103 டிகிரி. சுழலும் சக்கரத்தால் காற்றை அமுக்கும், திறன் 72 சதவீதமுள்ள சென்ட்ரிஃப்யூகல் வகையில் இது 86 டிகிரியோடு நிற்கும்.

103 டிகிரிக் காற்றை 50-க்கு இறக்கினால், அதே அழுத்தத்தில் அடர்த்தி சுமார் 16 சதவீதம் கூடுகிறது. அதைவிட முக்கியம் நாக்கிங், அதாவது சிலிண்டரில் எரிபொருள் கலவை நேரம் தவறித் தானாக வெடிப்பது. காற்று சூடானால், அதைத் தவிர்க்க ஈ.சி.யூ. (இன்ஜின் கணினி) இக்னிஷன் டைமிங்கை, அதாவது தீப்பொறி விழும் நேரத்தை, பின்னுக்குத் தள்ளிவிடும். பூஸ்ட் மீட்டர் முள் அதே இடத்தில் நிற்கும், ஆனால் வண்டி இழுக்காது. பெரிய பவருக்காக பூஸ்டை ஏற்ற நினைப்பவர்கள் பலரும் சூப்பர்சார்ஜரின் பெல்ட் சுற்றும் கப்பியைத்தான் முதலில் சின்னதாக மாற்றுகிறார்கள். ப்ளோயர் (சூப்பர்சார்ஜர்தான்) இன்னும் வேகமாகச் சுற்றி, காற்று இன்னும் சூடாகி, கிடைத்ததெல்லாம் டைமிங்கில் போய்விடுகிறது. முதலில் குளிர்வியுங்கள், கப்பியைப் பிறகு பார்க்கலாம்.

கேள்வி: காற்றால் குளிரும் இன்டர்கூலரா, தண்ணீரால் குளிரும் சார்ஜ்கூலரா? எதைத் தேர்ந்தெடுப்பது?

பதில்: இரண்டு விஷயங்களைப் பாருங்கள்: ப்ளோயரிலிருந்து காற்று எங்கே வெளியேறுகிறது, நீங்கள் ஒரே மூச்சில் எவ்வளவு நேரம் ஆக்சிலரேட்டரை முழுசாக மிதிக்கிறீர்கள்.

சென்ட்ரிஃப்யூகல் வகையில் காற்று ஒரே குழாய் வழியாக வெளியே வருகிறது. அதை பம்பருக்குப் பின்னால் உள்ள இன்டர்கூலருக்குக் கொண்டுபோய்த் திருப்புவது எளிது. பம்ப் இல்லை, தண்ணீர் இல்லை, கெட்டுப்போக ஒன்றும் இல்லை. ரேஸ் டிராக்கில் சுற்றுக்கு மேல் சுற்று ஓட்டுபவருக்கும் இதுவே நல்லது. வண்டி ஓடும்வரை புதுக்காற்று வந்துகொண்டே இருக்கும். 250 குதிரைத்திறன் அளவுக்கு 63 மி.மீ. குழாய் போதும். குழாய் முனையில் பீடிங் (விளிம்பைச் சுற்றிய புடைப்பு) இல்லாவிட்டால் சிலிக்கான் ஹோஸ் பூஸ்டில் கழன்றுவிடும். டி-போல்ட் கிளாம்ப் போட்டாலும் பீடிங் வேண்டும். பலர் விடும் தவறு இன்னொன்று: கோரை, அதாவது காற்று குளிரும் நடுப்பகுதியை, சுற்றியுள்ள இடைவெளிகளை அடைப்பதில்லை. காற்று எப்போதும் தடை குறைந்த வழியில் போகும். பம்பருக்கும் கோருக்கும் இடையில் தகடோ அடர்ந்த ஃபோமோ வைத்து அடைத்தால், அதே கோர் வேறு மாதிரி வேலை செய்யும்.

ரூட்ஸ், ட்வின் ஸ்க்ரூ (இரட்டைத் திருகு) வகைகள் பெரும்பாலும் சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் மேனிஃபோல்டின் மேலேயே உட்காரும். காற்று நேராக இன்டேக்கில் இறங்குவதால் குழாயை வெளியே எடுக்க இடம் இருக்காது. அங்கே ப்ளோயருக்குக் கீழே ஒரு தண்ணீர் கோரை நுழைப்பதுதான் வழி. விதிவிலக்கும் உண்டு. 2000-களின் முதல் பாதியில் வந்த மினி கூப்பர் எஸ் காரில் ஈட்டன் ரூட்ஸ் ப்ளோயரும், இன்ஜின் மேல் காற்று இன்டர்கூலரும், பானட்டில் காற்று வாயும் இருந்தன. ஓடும்போது சரி, நெரிசலில் நின்றால் அந்த இன்டர்கூலர் இன்ஜின் சூட்டிலேயே ஊறும்.

சார்ஜ்கூலரில் பம்ப் தண்ணீரைக் கோருக்கும் முன் ரேடியேட்டருக்கும் இடையே சுற்றவிடும். அதன் பலம் தண்ணீர் வெப்பத்தைச் சுமக்கும் திறன். 200 குதிரைத்திறனுக்கு நொடிக்கு சுமார் 0.15 கிலோ காற்று ஓடும். அதை 53 டிகிரி இறக்க 8 கிலோவாட் வெப்பத்தை எடுக்க வேண்டும். அந்தத் தண்ணீர்ச் சுற்றில் 5 லிட்டர் இருந்தால், ரேடியேட்டரே இல்லாவிட்டாலும் 15 நொடி முழு மிதிக்கு அந்தத் தண்ணீர் 6 டிகிரிதான் ஏறும். சாலையில் யாரும் 15 நொடிக்கு மேல் முழுசாக மிதிப்பதில்லை. அதனால் சாலைக் காருக்கு எங்கள் தேர்வு சார்ஜ்கூலர். டிராக் காருக்கு அதே அமைப்பை வைத்தால் முன் ரேடியேட்டரைப் பெரிதாக்கியே ஆக வேண்டும், ஏனென்றால் ஏறிய சூடு கடைசியில் அந்த வழியாகத்தான் வெளியேறும்.

கேள்வி: சார்ஜ்கூலர் போட்டிருக்கிறேன். பம்ப் ஓடும் சத்தமும் கேட்கிறது. ஆனால் நாலைந்து முறை மிதித்ததும் இன்டேக் வெப்பநிலை ஏறி, இறங்கவே மாட்டேன் என்கிறது.

பதில்: பம்ப் சத்தம் போடுவதும் தண்ணீர் ஓடுவதும் ஒன்றல்ல. டேங்குக்குத் திரும்பும் ஹோஸைக் கழற்றி, அளவு குறித்த வாளியில் விடுங்கள். டேங்கில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே 30 நொடி பம்பை ஓட்டுங்கள். 10 லிட்டர் வந்தால் நிமிடத்துக்கு 20 லிட்டர். மேலே சொன்ன 8 கிலோவாட்டுக்கு அது போதும், கோரைக் கடக்கையில் தண்ணீர் 6 டிகிரிதான் ஏறும். பாதிதான் வந்தால் ஏற்றம் 12 டிகிரி, காற்றும் அந்த அளவுக்குச் சூடாகவே இருக்கும்.

குறைவாக வந்தால் முதல் சந்தேகம் காற்றடைப்பு, அதாவது குழாயில் சிக்கிய காற்று. இந்த மின் பம்புகள் தானாகத் தண்ணீரை உறிஞ்சாதவை. பம்ப் கீழேயும், டேங்க் அதற்கு மேலேயும், நிரப்பும் வாய் சுற்றிலேயே மிக உயரத்திலும் இருக்க வேண்டும். கோரின் உச்சியில் காற்று வெளியேற்றும் திருகு இருந்தால் தண்ணீர் குமிழி இல்லாமல் வரும்வரை திறந்து வையுங்கள். அடுத்து ஹோஸ்: 19 மி.மீ. உள்விட்டம், கூர்மையான 90 டிகிரி எல்போ வேண்டாம். பிறகு மின்சாரம்: பம்ப் ஓடும்போது அதன் டெர்மினலிலேயே வோல்டேஜ் அளந்து பாருங்கள். பேட்டரியைவிட ஒரு வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் வயர் மெல்லியது, அல்லது எர்த் சரியில்லை. ரிலே வழியாகத் தனி வயர் இழுங்கள்.

ஓட்டம் சரியாக இருந்தும் வெப்பம் இறங்கவில்லையென்றால் ரேடியேட்டரைக் கவனியுங்கள். அது ஏ.சி. கண்டென்சருக்கும் முன்னால் இருக்க வேண்டும். சார்ஜ்கூலர் தண்ணீர் இன்ஜின் கூலன்ட்டோடு எந்த இடத்திலும் சேரக் கூடாது. இன்ஜின் கூலன்ட் 90 டிகிரியில் ஓடுகிறது. சிலர் பூஸ்ட் வரும்போது மட்டும் பம்ப் ஓடும்படி வைக்கிறார்கள், அது வேண்டாம். சாதாரணமாக ஓட்டும் நேரத்தில்தான் தண்ணீர் குளிர்கிறது. இக்னிஷன் போட்டதும் பம்ப் ஓடட்டும். உறைபனி இல்லாத இடங்களில் கிளைக்கால் (உறைதடுப்புத் திரவம்) 20 முதல் 30 சதவீதம், மீதி வாலை வடித்த நீர். கிளைக்கால் கூடக் கூட வெப்பம் சுமக்கும் திறன் குறையும்.

கேள்வி: இன்டர்கூலர் போட்ட பிறகு பூஸ்ட் குறைந்துவிட்டது. கோர் அடைக்கிறதா?

பதில்: கோருக்கு முன்னும் பின்னும் அழுத்தத்தை அளந்து பாருங்கள். வித்தியாசம் 0.07 பாருக்குள் இருந்தால் கவலை இல்லை. ரூட்ஸ் ப்ளோயர் ஒரு சுற்றுக்கு ஒரே கன அளவைத்தான் தள்ளும். காற்று குளிர்ந்து சுருங்கியதால் அழுத்தம் இறங்கியிருக்கிறது. 0.15 பாரைத் தாண்டினால் கோர் சின்னது.

கேள்வி: இன்டர்கூலரே இல்லாமல் தண்ணீர்-மெத்தனால் ஸ்ப்ரே மட்டும் போதாதா?

பதில்: வேலை செய்யும். ஒரு கிலோ தண்ணீர் ஆவியாக சுமார் 2,250 கிலோஜூல் வெப்பத்தை இழுக்கிறது. மெத்தனால் ஏறக்குறைய 1,100. மெத்தனால் நாக்கிங்கையும் அடக்கும். பாதிக்குப் பாதி கலவை, எரிபொருள் அளவில் 10 முதல் 20 சதவீதம் என்று தொடங்கலாம்.

ஆனால் இதை மட்டுமே நம்பி டைமிங்கை ஏற்றாதீர்கள். டேங்க் காலியானால், அல்லது நாசில் அடைத்தால், அந்த நொடியே நாக்கிங் வரும், பிஸ்டன் போகும். டேங்க் அளவு சென்சார் மட்டும் போதாது, அடைத்த நாசிலை அது காட்டாது. லைனில் ஓட்ட சென்சார் வைத்து, ஓட்டம் குறைந்தால் ஈ.சி.யூ. பாதுகாப்பான டைமிங்குக்கு மாறும்படி செய்யுங்கள். நாசிலுக்குப் பக்கத்தில் சொலினாய்டு வால்வு (மின்சாரத்தால் திறந்து மூடுவது) கட்டாயம். அது இல்லாவிட்டால் ஐட்லிங்கில் மேனிஃபோல்ட் வெற்றிடம் திரவத்தை இழுத்து சிலிண்டரில் சேர்த்துவிடும். காற்று வெப்பநிலை சென்சார் மேல் ஸ்ப்ரே நேரடியாகப் படவும் கூடாது, பொய்யான அளவு காட்டும். மெத்தனால் நஞ்சு, தோல் வழியாகவும் உடலில் ஏறும். அது எரியும் சுடர் பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது. கையுறை இல்லாமல் தொட வேண்டாம்.

கேள்வி: சார்ஜ்கூலர் டேங்கில் கூலன்ட் அளவு மெல்லக் குறைகிறது. வெளியே எங்கும் சொட்டவில்லை.

பதில்: வண்டியை ஓட்டாதீர்கள். கோர் உள்ளே கசிந்தால் தண்ணீர் நேராக இன்டேக்கில் இறங்கும். நின்றிருந்த வண்டியை ஸ்டார்ட் செய்யும்போது சிலிண்டரில் தண்ணீர் இருந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். கோரின் ஒரு ஹோஸ் முனையை அடைத்து, மறுமுனையில் 1 பார் காற்று ஏற்றி, வால்வை மூடி அரை மணி நேரம் விடுங்கள். மீட்டர் முள் இறங்கினால் கோரை மாற்றுங்கள். ஸ்டார்ட் செய்வதற்கு முன் எல்லா ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, இன்ஜினைக் கையால் இரண்டு சுற்று சுற்றித் தண்ணீரை வெளியேற்றிவிடுங்கள்.