கூரையா, கையிருப்பா?

கேள்வி: சம்பா நெல் விற்ற பணம் 3 லட்சம் ரூபாய் இருக்கிறது. விலைவாசி நிலையில்லாத இந்நாளில் ஒழுகும் ஓட்டுக் கூரையை மாற்றலாமா, சேமிக்கலாமா? – வாசகி, மன்னார்குடி

பதில்: வழக்கமாக ஜூன் 12-இல் திறக்கப்படும் மேட்டூர் அணை, நீர் இருப்பு குறைந்த ஆண்டுகளில் தாமதமாகவே திறக்கப்பட்டிருப்பதால், குறுவைச் செலவையும் ஆறு மாத வீட்டுச் செலவையும் முதலில் ஒதுக்கிவிடுங்கள். அடகுக் கடையில் நகை இருந்தால் அடுத்து அதை மீட்டுவிடுங்கள். ஒழுகும் கூரை ஆடம்பரமன்று. வடகிழக்குப் பருவமழைக்குள் சீர்செய்யாவிட்டால் மரச்சட்டங்களும் சுவரும் சேர்ந்து கெடும். ஆனால், அக்கம்பக்கத்தார் எவ்வளவு சொன்னாலும், கடன் வாங்கித் தளம் போட வேண்டாம். மீதியை வங்கியில் வையுங்கள். அங்கு 5 லட்சம் ரூபாய் வரை வைப்புத்தொகைக்குக் காப்பீடு உண்டு, தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் அக்காப்பீடு இல்லை.